76 வயது அப்பாவுக்குக் கீமோ எழுதாதது ஏன்?

நீங்கள் கேட்டிருப்பது இது. உங்கள் அப்பாவுக்கு வயது 76, மன்னார்குடிப் பக்கம் விவசாயம். தொண்டையில் புற்று, கழுத்தில் நெறிகட்டியும் இருக்கிறது. வேறு எங்கும் பரவவில்லை. டாக்டர் ஏழு வாரம் கரண்ட் (கதிர்வீச்சுச் சிகிச்சை) மட்டும் எழுதியிருக்கிறார், கீமோ வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் அதே நோய், அதே இடம். அவருக்கு வயது 50, கரண்டோடு வாரா வாரம் கீமோவும் ஏறுகிறது. அப்பாவின் எடை 46 கிலோ, கிரியாட்டினின் 1.1, சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை, காது கொஞ்சம் மந்தம். ஆனால் போன குறுவை வரைக்கும் தானே வயலுக்குப் போய் மடை பார்த்துவிட்டு வந்தவர். "வயசாயிடுச்சுன்னு ஒதுக்கிட்டாங்களா, இல்ல நிஜமாவே அவருக்கு வேண்டாமா? திருச்சிக்கோ சென்னைக்கோ கூட்டிட்டுப் போகணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

இதற்குள் இரண்டு கேள்வி இருக்கிறது. எடுத்த முடிவு உங்கள் அப்பாவுக்குச் சரியா என்பது ஒன்று. அந்த முடிவை வயதை மட்டும் பார்த்து எடுத்தார்களா, அவரைப் பார்த்து எடுத்தார்களா என்பது இன்னொன்று. முதலாவதற்கு ஸ்கேனையும் ரிப்போர்ட்டையும் ஆளையும் பார்க்காமல் நான் பதில் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. இரண்டாவதை நீங்களே கண்டுபிடிக்கலாம்; அதற்கு எதைக் கேட்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியும். நான் கதிர்வீச்சு மருத்துவன், வேலையில் பெரும்பகுதி டெல்டா ஆஸ்பத்திரிகளில்தான் கழிந்தது. கீமோ என் கையால் எழுதுவது குறைவு. டியூமர் போர்டில், அதாவது பல துறை டாக்டர்கள் சேர்ந்து ஒரு நோயாளியின் சிகிச்சையை முடிவு செய்கிற கூட்டத்தில், கூட உட்கார்ந்து பேசி முடிவெடுத்த பழக்கத்தில் சொல்கிறேன்.

முதலில் அந்தக் கிரியாட்டினினை எடுத்துக்கொள்வோம். ரிப்போர்ட்டில் 1.1 என்று இருக்கும், பக்கத்தில் நார்மல் அளவு போட்டிருக்கும், அதற்குள் அடங்கியிருக்கும். "கிட்னி நல்லாத்தானே இருக்கு, அப்புறம் ஏன்?" என்று உங்களுக்குத் தோன்றுவது நியாயம். ஆனால் கிரியாட்டினின் தசையிலிருந்து வருகிற கழிவு. வயதாகித் தசை வற்றிப்போனவருக்கு அது குறைவாகவே உண்டாகும். அதனால் கிட்னி பாதி வேலைதான் செய்கிறது என்றாலும் ரத்தத்தில் அளவு ஏறிக் காட்டாது. இதற்காக டாக்டர்கள் ஒரு கணக்குப் போடுவார்கள்: 140-இலிருந்து வயதைக் கழித்து, எடையால் பெருக்கி, கிரியாட்டினினை 72-ஆல் பெருக்கி வருவதால் வகுப்பது. உங்கள் அப்பாவுக்குப் போட்டுப் பாருங்கள். 64-ஐ 46-ஆல் பெருக்கி 79-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 37 மில்லி. பக்கத்துக் கட்டில்காரர் 62 கிலோ, அவருக்கும் அதே 1.1 என்று வைத்துக்கொண்டால் 70 வரும். காகிதத்தில் இரண்டு பேரும் ஒன்று, உள்ளே கிட்னி சுத்தம் செய்யும் வேகத்தில் ஏறக்குறைய இரண்டு மடங்கு வித்தியாசம். பெண்களுக்கு இதே விடையை 0.85-ஆல் பெருக்க வேண்டும், அதாவது இன்னும் குறையும்.

இது ஏன் முக்கியம் என்றால், தொண்டைப் புற்றுக்குக் கரண்டோடு சேர்த்து வழக்கமாக ஏற்றுகிற மருந்து சிஸ்பிளாட்டின். அது கிட்னியைக் காயப்படுத்தக்கூடியது. காது கேட்கும் நரம்பையும் விரல் நரம்பையும் பாதிக்கும். கூடவே பாட்டில் பாட்டிலாகச் சலைன் ஏற்ற வேண்டும், இதயம் தளர்ந்தவருக்கு அந்தத் தண்ணீரே சுமை. மேலே சொன்ன கணக்கு 50-க்குக் கீழே வந்தால் பெரும்பாலான மையங்களில் சிஸ்பிளாட்டின் கொடுக்க மாட்டார்கள். 60-க்குக் கீழேயே தயங்குகிறவர்களும் உண்டு. காது ஏற்கெனவே மந்தமாக இருப்பது இன்னொரு தடை. ஆக, நீங்கள் கொடுத்திருக்கும் விவரங்களை மட்டும் வைத்தே, 76 என்ற எண்ணை மறைத்துவிட்டுப் பார்த்தாலும், அப்பாவுக்குச் சிஸ்பிளாட்டின் வேண்டாம் என்று சொல்ல இரண்டு நல்ல காரணம் இருக்கிறது. 50 வயதுக்காரருக்கு இதே கிட்னி, இதே காது இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். இவ்வளவும் ஓரளவு உறுதி.

அடுத்தது, கீமோ சேர்ப்பதால் எவ்வளவு லாபம் என்பது. தலை, கழுத்துப் புற்றுநோய்களுக்காக உலகெங்கும் நடந்த பல பத்து ஆய்வுகளின் நோயாளிகளை ஒன்றுசேர்த்துப் பார்த்த பெரிய தொகுப்பாய்வு ஒன்று பல வருடங்களாகப் புதுப்பிக்கப்பட்டு வருகிறது. கரண்டோடு கூடவே கீமோ கொடுத்தால் ஐந்து வருடம் கழித்து உயிரோடு இருப்பவர்கள் நூற்றுக்கு ஆறேழு பேர் கூடுகிறார்கள் என்பது அதன் முடிவு. ஆனால் வயது ஏற ஏற அந்த லாபம் தேய்ந்துகொண்டே வந்து, 70-க்கு மேல் தெளிவாகக் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அந்த வயதில் மாரடைப்பு, பக்கவாதம், நிமோனியா என்று வேறு காரணங்களால் இறப்பது அதிகம், அதனால் புற்றில் கிடைத்த லாபம் அங்கே கரைந்துவிடுகிறது என்பது ஒரு விளக்கம். உங்கள் டாக்டர் மனதில் இந்த ஆய்வு இருந்திருக்க வாய்ப்பு அதிகம். இதைப் படிக்காமல் யாரும் கதிர்வீச்சுப் பட்டம் வாங்க முடியாது.

இனிச் சந்தேகமான பகுதி. அந்தத் தொகுப்பில் 70 தாண்டியவர்கள் மிகச் சிலரே. ஆய்வு நடத்துகிறவர்கள் பெரும்பாலும் வயதானவர்களைச் சேர்ப்பதே இல்லை. சேர்த்தாலும் கட்டுமஸ்தானவராகப் பார்த்துத்தான் சேர்ப்பார்கள். ஆகவே "70-க்கு மேல் லாபம் இல்லை" என்று நிரூபணமாகிவிட்டதாக யாராவது அடித்துச் சொன்னால் அது அதிகப்படி. "லாபம் இருப்பதாகக் காட்ட முடியவில்லை" என்பதுதான் சரி. வரப்பில் நடந்து மடை பார்க்கிற உங்கள் அப்பாவைப் போன்ற ஒருவர் அந்த ஆய்வுகளில் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது, இதைக் கேட்பதற்கு உங்களுக்கு முழு உரிமை உண்டு. சிஸ்பிளாட்டின் கொடுக்க முடியாதவர்களுக்காகவே மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் ஓர் ஆய்வு செய்து 2023-இல் வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்குக் கரண்ட் மட்டும், இன்னொரு பகுதியினருக்குக் கரண்டோடு வாரம் ஒருமுறை சிறு அளவில் டோசிடாக்செல். இரண்டு வருடம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் பகுதியில் நூற்றுக்குச் சுமார் 42, இரண்டாவதில் சுமார் 51. நம் நாட்டு நோயாளிகள், நம் நாட்டு டாக்டர்கள், விலை கட்டுப்படியாகிற மருந்து. அதனால் எனக்கு இந்த ஆய்வின் மேல் தனி மதிப்பு உண்டு. ஆனால் அதனால் வருகிற கஷ்டத்தையும் சொல்லிவிட வேண்டும். வாயும் தொண்டையும் மோசமாக வெந்துபோவது கரண்ட் மட்டும் வாங்கியவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு, மருந்து சேர்த்தவர்களில் ஏறக்குறைய 50 பேருக்கு. 46 கிலோ உள்ளவர் மூன்று வாரம் விழுங்க முடியாமல் போனால் 40-க்கு இறங்கிவிடுவார், அதற்குப் பிறகு மீண்டு வருவது லேசில்லை. எனவே இது அவருக்குப் பொருந்துமா என்பது நிஜமாகவே இரண்டு பக்கமும் பேச இடமுள்ள கேள்வி. டாக்டர் இதை யோசித்து ஒதுக்கினாரா, யோசிக்கவே இல்லையா என்பதைத்தான் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சரி, வயது என்கிற அந்த எண்ணுக்கு வருகிறேன். நம் பக்கத்தில் அதையே முதலில் சந்தேகப்பட வேண்டும். இப்போதைய எழுபது, எண்பது வயதுக்காரர்களில் பலருக்குப் பிறப்புச் சான்றிதழே கிடையாது. ஆதார் எடுத்த அன்று யாரோ மதிப்புக்கு ஒரு வருடம் போட்டிருப்பார்கள், அதுவே ஓ.பி. சீட்டுக்கும் கேஸ் ஷீட்டுக்கும் போய்விடுகிறது. வேதாரண்யம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா மார்பில் கட்டியோடு வந்தார், சீட்டில் வயது 82. கூட வந்த பேரன் "பாட்டிக்கு எண்பதுக்கு மேல சார், வலிக்கு மட்டும் ஏதாவது குடுங்க" என்றான். நான் அந்த அம்மாவிடம் ஐம்பத்திரண்டு புயல் ஞாபகம் இருக்கா ஆத்தா என்று கேட்டேன். 1952 நவம்பர் கடைசியில் நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய அந்தப் புயல்தான் இந்தக் கரையோரத்தில் பலருக்கும் வயது கணக்குப் போடும் கல். "எனக்கெங்க ஞாபகம், அப்ப நான் பால் குடிக்கிற புள்ளையாம், எங்கம்மா மடியில கட்டிக்கிட்டு கோயில்ல போய் ஒதுங்குச்சாம்" என்றார். விரல் விட்டு எண்ணினால் எழுபத்திரண்டு, எழுபத்துமூன்று. எண்பத்திரண்டுக்கும் அதற்கும் நடுவே ஒரு பத்து வருடம், அந்தப் பத்து வருடத்தில் ஓர் ஆபரேஷன் இருந்தது. செய்தார்கள், நன்றாகத் தேறிப் போனார்.

வயது சரியாகவே இருந்தாலும் அது பாதிக் கதைதான். ஒரே 76 வயதில் ஒருவர் சைக்கிள் மிதித்து டீக்கடைக்குப் போகிறார், இன்னொருவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி உட்கார வைக்க இரண்டு பேர் வேண்டும். இதை அளக்க எங்களிடம் பல அளவுகோல் உண்டு. எல்லோரும் எழுதுவது ஈகாக் என்கிற 0 முதல் 4 வரையிலான எண். 0 என்றால் முன்பு போலவே எல்லாம் செய்கிறார், 4 என்றால் முழுக்கப் படுக்கை. அதைத் தாண்டி, வயதானவர்களுக்கென்றே ஒரு விரிவான மதிப்பீடு இருக்கிறது. கீழே விழுந்தாரா, எடை குறைந்ததா, எத்தனை மாத்திரை சாப்பிடுகிறார், ஞாபகம் எப்படி, மனசு சோர்ந்திருக்கிறதா, வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் உண்டா என்றெல்லாம் கேட்பார்கள். நாற்காலியிலிருந்து எழுந்து மூன்று மீட்டர் நடந்து திரும்பி வந்து உட்காரச் சொல்லி நேரம் பார்ப்பார்கள். 12 விநாடிக்கு மேல் ஆனால் விழுகிற ஆபத்து உண்டு என்று கணக்கு. கீமோ கொடுப்பதற்கு முன்னால் 65 வயது தாண்டியவர்களுக்கு இந்த மதிப்பீட்டைச் செய்ய வேண்டும் என்று அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர் சங்கம் 2018-இலேயே எழுதிவிட்டது.

இதில் பலன் உண்டா என்று கேட்டால், உண்டு. 70 வயது தாண்டிய, நோய் முற்றிய 718 பேரை வைத்து அமெரிக்காவில் நடந்த ஆய்வு 2021-இல் வந்தது. ஒரு பகுதி டாக்டர்களுக்கு இந்த மதிப்பீட்டின் முடிவையும் என்ன செய்யலாம் என்ற யோசனையையும் கையில் கொடுத்தார்கள், மற்றவர்களுக்குக் கொடுக்கவில்லை. கடுமையான பக்கவிளைவு வந்தவர்கள் இரண்டாவது பகுதியில் நூற்றுக்கு 71, முதல் பகுதியில் 51. பல டாக்டர்கள் முதல் சுற்றில் அளவைக் குறைத்துக் கொடுத்திருந்தார்கள், ஆனாலும் ஆறு மாதக் கணக்கில் உயிர் பிழைத்திருப்பது குறையவில்லை. வயதானவரைக் கவனமாகப் பார்த்து அவருக்குத் தகுந்தபடி மருந்தை அளந்து கொடுப்பதால் அவர் எதையும் இழக்கவில்லை என்று இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

நம் ஆஸ்பத்திரிகளில் இது நடக்கிறதா? முழு மதிப்பீட்டுக்கு முக்கால் மணி நேரம் வேண்டும். காலை ஓ.பி.யில் ஒரு டாக்டருக்கு முன்னால் வரிசை கேட் வரை நிற்கும்போது ஓர் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்தால் பெரிது. அந்த ஐந்து நிமிடத்தில் பெரியவர் வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார், பேசுவதெல்லாம் மகனோ மருமகனோ. டாக்டர் பார்ப்பது ஓர் ஒடிசலான முதியவரை, படிப்பது 76 என்ற எண்ணை. அந்த இடத்தில் எண் ஜெயித்துவிடுவது உண்டு. கண்ணால் பார்த்து மதிப்பிடுவது எங்களில் அனுபவம் உள்ளவர்களையும் இரண்டு பக்கமும் ஏமாற்றும்; திடமாகத் தெரிகிறவர் முதல் கீமோவிலேயே சரிந்துபோவதும், நோஞ்சானாகத் தெரிகிறவர் முழுதும் முடித்துவிட்டு நடந்து வீட்டுக்குப் போவதும் வார்டில் வழக்கமாகப் பார்ப்பதுதான்.

அதனால் உங்கள் வேலை இங்கே இருக்கிறது. அப்பாவின் ஒரு நாளை டாக்டருக்குச் சொல்லுங்கள். "நல்லா இருக்கார் சார்" என்பது எங்களுக்கு உதவாத வாக்கியம். நோய் வருவதற்கு முன்னால் எத்தனை மணிக்கு எழுந்தார், வயல் எவ்வளவு தூரம், நடந்தா சைக்கிளா, வழியில் உட்கார்ந்து உட்கார்ந்து போனாரா, குளிப்பதும் வேட்டி கட்டுவதும் தானேயா, மாத்திரையைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்கிறாரா, ரேஷன் கடைக்கும் பேங்குக்கும் தனியாகப் போய்க் கணக்குப் பார்த்து வருவாரா, கடந்த ஆறு மாதத்தில் எங்கேயாவது விழுந்தாரா, வேட்டியின் பெல்ட் எத்தனை ஓட்டை உள்ளே போயிருக்கிறது. இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் இரண்டு நிமிடத்தில் சொல்லிவிடலாம், மதிப்பீட்டில் பாதி முடிந்துவிடும். வீட்டில் இருக்கிற எல்லா மாத்திரையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள், வைத்தியரிடம் வாங்கிய லேகியம், சூரணம் உட்பட. மூட்டு வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் தானாக வாங்கிச் சாப்பிடுகிற மாத்திரை கிட்னியைக் கெடுத்துக்கொண்டிருக்கலாம். அதை நிறுத்தினால் கிட்னிக் கணக்கில் வந்த அந்த 37 கொஞ்சம் ஏறவும் ஏறலாம்.

வயதைச் சொல்லி ஒதுக்குவது ஆஸ்பத்திரியில் மட்டும் நடப்பதாகவும் நினைக்க வேண்டாம். என் அனுபவத்தில் அது அதிகம் நடப்பது வீட்டுத் திண்ணையில். "இந்த வயசுல எதுக்கு அறுத்துக்கிட்டு, கரண்டெல்லாம் தாங்குவாங்களா" என்று சொந்தக்காரர்கள் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். ஆண்களைவிட வயதான பெண்களுக்கு இது அதிகம் நடக்கிறது, விதவையாக இருந்தால் இன்னும் அதிகம். கட்டி புண்ணாகி நாற்றம் வந்த பிறகுதான் கூட்டி வருவார்கள். அந்தப் பெண்களில் எத்தனையோ பேருக்கு ஒரு சின்ன ஆபரேஷனும் தினம் ஒரு ஹார்மோன் மாத்திரையும் போதுமாக இருந்திருக்கும். மார்பகப் புற்றில் வயது நியாயமாகவே சிகிச்சையைக் குறைக்கிற இடமும் இருக்கிறது. 70 தாண்டிய, கட்டி சிறியதாகவும் ஹார்மோனுக்குக் கட்டுப்படுவதாகவும் உள்ள பெண்களுக்குக் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு மாத்திரை கொடுத்து, கரண்ட் வைத்தவர்களையும் வைக்காதவர்களையும் பத்து வருடத்துக்கு மேல் பார்த்தார்கள். அந்த இடத்தில் நோய் திரும்ப வராமல் இருந்தவர்கள் வைத்தவர்களில் நூற்றுக்கு 98, வைக்காதவர்களில் 90. உயிர் வாழ்ந்த காலத்தில் வித்தியாசம் இல்லை. கோடியக்கரையிலிருந்து தினம் தஞ்சாவூர் வந்து போக முடியாத ஒரு பாட்டிக்கு அந்த எட்டைவிட வீட்டில் இருப்பது பெரிதாக இருக்கலாம். அதை அவர்தான் சொல்ல வேண்டும்.

மறுபக்கத்துக்கும் ஓர் உதாரணம் சொல்கிறேன், "எண்பதுக்கு மேல் கீமோவா" என்று மூக்கில் விரல் வைப்பவர்களுக்காக. வேகமாக வளர்கிற ஒரு வகை நிணநீர்ப் புற்று உண்டு, சும்மா விட்டால் சில மாதத்தில் ஆளை முடித்துவிடும். 80 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு அதே மருந்துகளை அளவு குறைத்துக் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டு வருடம் கழித்து நூற்றுக்கு 59 பேர் உயிரோடு இருந்தார்கள். பிரான்சும் பெல்ஜியமும் சேர்ந்து நடத்திய ஆய்வு. எந்தப் புற்று என்பது வயதைவிடப் பெரிய கேள்வி. குணமாகக்கூடிய புற்று என்றால் எண்பதிலும் முயற்சி செய்ய வேண்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன், இதைப் படிக்கிற வேறு யாருக்காவது உதவும். வயது இளையவர்களையும் பாதிக்கிறது, வேறு விதத்தில். முப்பது வயதில் பால் கொடுக்கிற தாய்க்கு மார்பில் கட்டி என்றால் "பால் கட்டியிருக்கும்" என்று மாதக்கணக்கில் ஒத்தடம் கொடுக்கிறார்கள். இந்த வயதில் புற்று வராது என்ற நம்பிக்கையே நாளைத் தள்ளிவிடுகிறது. பதினெட்டு, பத்தொன்பது வயதில் ஒரு வகைத் தீவிர ரத்தப்புற்று வந்த பையன்களைக் குழந்தைகளுக்கான முறையில் சிகிச்சை செய்தால் பெரியவர்களுக்கான முறையைவிட நன்றாகப் பிழைக்கிறார்கள் என்று பல நாடுகளில் பார்த்திருக்கிறார்கள். எந்த வார்டில் சேர்க்கிறோம் என்பதே அங்கே முடிவை மாற்றும். கல்யாணம் ஆகாத பையனுக்குக் கீமோ தொடங்குவதற்கு முன்பு விந்தணுவைச் சேமித்து வைக்கலாம் என்பதை டாக்டர் சொல்ல மறந்தால் வீட்டார் கேட்க வேண்டும், தொடங்கிய பிறகு கேட்டுப் பயன் குறைவு.

காப்பீடு பற்றிப் பலருக்குச் சந்தேகம் வருகிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குடும்பத்துக்கு ஆண்டுக்கு ஐந்து லட்சம் வரை கொடுக்கிறது, வயது 76 என்பதற்காகக் கீமோவை மறுக்கிற விதி அதில் கிடையாது. ஆகவே பணத்துக்காக வயதைச் சொல்கிறார்கள் என்ற எண்ணம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள்.

அப்புறம், நீங்கள் எழுதியதில் எங்குமே அப்பா என்ன நினைக்கிறார் என்று இல்லை. அவருக்கு நோயின் பெயர் தெரியுமா? நம் குடும்பங்களில் பெரியவரிடம் மறைப்பதைப் பாசம் என்று நினைக்கிறோம், அந்த எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஐம்பது வருடம் நிலத்தையும் குடும்பத்தையும் கணக்குப் பார்த்தவர், தன் உடம்பைப் பற்றிய கணக்கையும் பார்ப்பார். ஒரே லாபம் உள்ள இரண்டு சிகிச்சையில் ஒருவர் "எவ்வளவு கஷ்டமானாலும் பேத்தி கல்யாணம் வரைக்கும் இருக்கணும்" என்பார், இன்னொருவர் "மூக்குல டியூப் மட்டும் வேண்டாம், வாயால ஒரு வாய் சோறு திங்கணும்" என்பார். இரண்டு பேருக்கும் ஒரே கீமோவை எழுதுவது சரியில்லை. அவரிடம் கேட்காமல் நாங்களும் நீங்களும் சேர்ந்து எடுக்கிற எந்த முடிவும் அரைகுறை.

இனி டாக்டரிடம் கேட்க வேண்டியது. கோபமாகக் கேட்க வேண்டாம், அவரும் பதில் சொல்லத் தயாராகத்தான் இருப்பார். "சார், அப்பாவுக்குக் கீமோ வேண்டாம்னு சொன்னது எதனால? கிட்னியா, காதா, எடையா, வயசா?" என்று கேளுங்கள். கிட்னி, காது, எடை என்று காரணம் வந்தால் அவரைப் பார்த்துத்தான் முடிவெடுத்திருக்கிறார். "சிஸ்பிளாட்டின் முடியாதுன்னா டோசிடாக்செல் மாதிரி வேற ஏதாவது சேர்க்கலாமா, சேர்த்தா என்ன ஆகும்?" என்பது அடுத்தது. "டியூமர் போர்டுல பேசினீங்களா?" என்பது மூன்றாவது. "வயசாயிடுச்சு, அவ்வளவுதான்" என்பதற்கு மேல் எந்தப் பதிலும் வரவில்லை என்றால், அப்போது இன்னொரு டாக்டரைப் பார்ப்பதில் தப்பே இல்லை. சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனமோ, புதுச்சேரி ஜிப்மரோ, திருச்சியோ, எங்கே போனாலும் சதை டெஸ்ட் ரிப்போர்ட், பயாப்ஸி பிளாக் (மெழுகில் பதித்து வைத்திருக்கும் சதைத் துண்டு), ஸ்கேன் சி.டி. எல்லாவற்றையும் கையோடு எடுத்துப் போங்கள். முதலிலிருந்து எல்லா டெஸ்டும் திரும்ப ஆரம்பித்தால் மூன்று வாரம் போய்விடும்.

அப்பாவை அலைய வைக்காமல் காகிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு நீங்கள் போய் வருவது இன்னும் நல்லது, ஏனென்றால் கரண்ட் நாள் தவறக் கூடாது. இந்த நோயில் உங்கள் அப்பாவுக்குக் குணம் தரப்போகிற முக்கியமான சிகிச்சை கரண்ட்தான், கீமோ அதற்குத் துணை. ஏழு வாரம், 35 தடவை என்று எழுதியிருந்தால் ஏழு வாரத்தில் முடிய வேண்டும். இழுத்துக்கொண்டே போகும் ஒவ்வொரு நாளுக்கும் நோய் கட்டுப்படுகிற வாய்ப்பு நூற்றுக்கு ஒன்று போலக் குறைகிறது. எனவே கீமோ கிடைக்கவில்லையே என்று ஊர் ஊராய்ப் போய்ப் பத்து நாள் விட்டால், கீமோவால் கிடைக்கக்கூடியதைவிட அதிகமாகவே இழந்துவிடுவீர்கள். தொடங்குவதற்கு முன்பு பல் டாக்டரிடம் காட்டி, எடுக்க வேண்டிய பல்லை எடுத்துவிடுங்கள்; கரண்ட் முடிந்த பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் ஆபத்து உண்டு. முதல் நாளிலிருந்தே வாரம் ஒருமுறை எடை பாருங்கள். முட்டை, மீன், பருப்பு, சத்துமாவுக் கஞ்சி என்று விழுங்க முடிகிறவரை உள்ளே போகட்டும், விழுங்க முடியாமல் இரண்டு நாள் ஆனால் சாப்பாடு கொடுக்கிற டியூப் பற்றிப் பேசத் தயங்காதீர்கள், அது தற்காலிகம்தான் என்று அவருக்கும் சொல்லுங்கள். வயதானவர்களுக்குத் தொற்று வந்தாலும் காய்ச்சல் அடிக்காமல் போகலாம். சம்பந்தமில்லாமல் பேசுவது, பகலில் தூங்கிக்கொண்டே இருப்பது, சிறுநீர் குறைவது இதில் எதைப் பார்த்தாலும் மறுநாள் ஓ.பி. வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போங்கள். நடுவில் பொங்கல் லீவோ, அறுவடையோ, வீட்டில் ஒரு துக்கமோ வந்து ஒரு நாள் விட்டுப்போனால், கரண்ட் அறை டெக்னீஷியனிடம் உடனே சொல்லிவிடுங்கள். சனிக்கிழமை வைத்தோ, ஒரே நாளில் ஆறு மணி நேர இடைவெளி விட்டு இரண்டு தடவை வைத்தோ அந்த நாளை ஈடுகட்ட முடியும்.